மூடி சாய்ந்து கிடந்த பெட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தபோது, செராஸில் ஒரு கடையிலிருந்து மரத்தில் வாழும் பெரிய சிலந்தி ஒன்றை வாங்கி வந்தேன். உள்ளங்கை அகலம் இருக்கும். கால்களெல்லாம் மயில் கழுத்து நீலம். கடித்தால் கை வீங்கி நாள்கணக்கில் வலிக்கும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். என் மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது. கண்ணாடிப் பெட்டி இருந்த மூலைப் பக்கம்கூட அவள் போகமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், பெட்டியின் மூடி சாய்ந்து கிடந்தது. சிலந்தியைக் காணோம். காலையில் அதற்குத் தீனியாகப் பூச்சி போட்டவன் நான்தான்; மூடியைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டேன் போல என்று நினைத்தேன். அவளிடம் மூச்சு விடாமல், சட்டை தேடுவதுபோல் அலமாரியைக் குடைந்தேன். சப்பாத்துகளை உதறினேன். கூடத்துக்கு வந்தால், அவள் நாற்காலி மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தேடுற?” என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “கோவிச்சுக்காதீங்க. தண்ணி தெளிச்சிட்டு மூடிய சரியா போடல போல.”

“நீயா தெளிச்ச?”

“ரொம்ப சூடு லா. பாவமா இருந்துச்சு. நீங்க வேலைக்குப் போனதும் டெய்லி நான்தான் தெளிக்கிறேன்.”

பிறகு இருவரும் சேர்ந்தே தேடினோம். திரைச்சீலைக் கம்பிக்கு மேலே, சுவர் மூலையில், கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. நான் நாற்காலியில் ஏறி, பிளாஸ்டிக் டப்பாவால் அதை மூடி, அடியில் அட்டையைச் செருகினேன். நாற்காலியை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். சிலந்தியைப் பெட்டிக்குள் விட்டு, மூடிமேல் கனமான அகராதி ஒன்றை வைத்தேன். இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.