பிரேக்கில் ஒரு கால்

இதைப் பொய் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கோபமில்லை. தனகோடியும் அப்படிப்பட்ட ஆள்தான். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "இட்டுனு வா, அதுக்கும் ஒரு சர்வீஸ் போட்டு அனுப்பறேன்" என்று கிண்டலடிப்பான். அவனுக்கு நடந்தது இது. நடுராத்திரியில் அல்ல, சுடுகாட்டுப் பக்கத்திலும் அல்ல. 2008 மே மாதம், அக்னி வெயில் கொளுத்திய ஒரு பட்டப்பகலில், மணி பன்னிரண்டரைக்கு நடந்தது.

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில், ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. அதுதான் தனகோடியின் மெக்கானிக் ஷெட். அதன் பின்னாலேயே வீடு. ஷெட்டில் வேலைக்கு ஆள் கிடையாது. இரண்டு பேர் தேவைப்படும் வேலை என்றால் அவன் மனைவி பூவாயிதான் வருவாள். பிரேக் குழாயில் அடைத்த காற்றை எடுக்கும்போது அவள் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பாள். இவன் கீழே படுத்துக்கொண்டு "அமுத்து... உடு..." என்று கத்துவான். எஞ்சின் இரைச்சலில் பதில் கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம். சொன்னதைச் செய்துவிட்டால் பூவாயி ஒரு ஹாரன் அடிப்பாள். சின்னதாக, 'பீப்'. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது.

அன்று வந்திருந்தது ஒரு வெள்ளை ஆட்டோமேட்டிக் கார். சதாசிவம் என்பவருடையது. அணு ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளர், டவுன்ஷிப்பில் குடியிருப்பவர். பழைய காராக வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நின்று கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறுகிறது என்றார்.

"இது சி.வி.டி. தனகோடி. உள்ளே பெல்ட்டுதான் ஓடுது, மத்த கியர் பாக்ஸ் மாதிரி கிடையாது. இதுக்குன்னு தனி ஆயில். இந்தா இருக்கு, வேற எதையும் ஊத்திடாதீங்க" என்று டப்பாக்களை இறக்கி வைத்தார். "ஊத்தினதும் எஞ்சினை ஓட விட்டு, பிரேக்கை அமுத்திக்கிட்டே ஒவ்வொரு கியரா மாத்தி நிறுத்தணும். அப்பத்தான் ஆயில் எல்லா இடத்துக்கும் போகும். டிரைவ்ல போட்டு பிரேக்கை விட்டா வண்டி தானா நகரும். ஹேண்ட் பிரேக்கை நம்பிடாதீங்க. உப்புக் காத்துல கேபிள் துருப்பிடிச்சுக் கிடக்கு."

சொல்லிவிட்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

தனகோடி வாழ்நாளெல்லாம் டீசல் வண்டிகளோடு மல்லுக்கட்டியவன். சி.வி.டி. வண்டி ஒன்று அவன் கைக்கு வருவது அதுதான் முதல் தடவை. வெளியே சொல்லவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். வண்டியை ஷெட்டுக்குள் விட ஏறி உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் அவ்வளவு முன்னால் தள்ளியிருந்தது. சதாசிவம் ஆறடி உயரம். இதில் எப்படி உட்கார்ந்து ஓட்டி வந்தார்? சீட்டைக் கடைசிவரைக்கும் பின்னால் தள்ளிவிட்டு, முகப்பு பின்சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினான்.

ஜாக்கியில் தூக்கி, கீழே படுத்து, போல்ட்டைக் கழற்றினான். பழைய ஆயில் கறுப்பாக, கருகிய வாடையோடு பேசினில் இறங்கியது. சொட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு சத்தம்.

கிறீச்...

யாரோ பிரேக் பெடலை மெதுவாக மிதிப்பதுபோல. தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். வண்டியில் யாரும் இல்லை. வெயிலில் தகரம் முனகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினான். எவ்வளவு இறங்கியதோ அதே அளவு புது ஆயிலை ஊற்றினான். வண்டியைத் தரையில் இறக்கினான். பூவாயியைக் கூப்பிட்டான்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அடுப்புல குக்கர் கீது. மூணு விசில் வந்தா நான் போய்டுவேன், சொல்லிட்டேன்."

ஏறி உட்கார்ந்தவள் அங்கிருந்தே கேட்டாள். "யாருயா சீட்டை இம்மாந் தூரம் முன்னால இஸ்தது? எனக்குன்னே அளவெடுத்தா மாரி கீது."

அவள்தான் இழுத்துவிட்டுக்கொண்டு விளையாடுகிறாள் என்று தனகோடி நினைத்தான்.

எஞ்சின் ஓடியது. பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருந்ததால் அவனுக்குக் கண்ணாடி தெரியாது, பூவாயியும் தெரியமாட்டாள். ஒரு பக்கம் பழைய டயர்கள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. மறுபக்கம் ஒர்க் பெஞ்ச். டயர்களின் மேல் ஏறிக் குதித்து, பம்பருக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றான். ஒரு ஆள் நிற்க மட்டும்தான் இடம். எங்காவது ஆயில் கசிகிறதா என்று குனிந்து பார்த்தான். சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை. பூவாயியின் கால் பிரேக்கில் இருக்கும்போது அவன் என்றைக்குமே வைத்ததில்லை.

"ரிவர்ஸு!"

டக். வண்டி லேசாக அதிர்ந்தது. பீப்.

"நூட்ரலு!"

டக். பீப்.

"டிரைவு!"

டக். பீப்.

எல்லாம் சரியாகவே போனது. மறுபடி பார்க்கிங்கில் போடச் சொன்னான். ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்கியது. அதன் இரைச்சலுக்கு நடுவே வீட்டுப் பக்கமிருந்து குக்கர் விசில் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"சோறு கொஞ்சம் கொழஞ்சா குடி முழுவிடாது. இன்னொரு ரவுண்டு ஓட்டிக்கலாம் மே!" என்று கத்தினான்.

பீப்.

"ரிவர்ஸு!"

டக். பீப்.

"நூட்ரலு!"

அவன் வாயை மூடுவதற்குள்ளேயே டக். பீப்.

இன்றைக்கு என்ன இவ்வளவு சுறுசுறுப்பு என்று சிரித்துக்கொண்டான். "டிரைவு!"

டக்.

இந்தத் தடவை ஹாரன் வரவில்லை. வண்டி ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது.

"ஒய்ங்கா அமுத்து மே! முன்னாடி நான் நின்னுகினுகீறேன், தெரியல?"

கொஞ்ச நேரம் கழித்து... பீப். மிக மெதுவாக, தயங்கித் தயங்கி அடித்த மாதிரி.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. நாலாவது விசில் வரவில்லை. இந்நேரம் வந்திருக்க வேண்டும். வீட்டில் வேறு ஆளே கிடையாது. அப்படியானால் அடுப்பை யார் அணைத்தது?

"இன்னாயா, யாராண்ட பேசிகினுகீற?"

குரல் காருக்குள்ளிருந்து வரவில்லை.

காருக்குப் பின்னாலிருந்து வந்தது. ஷெட் வாசலிலிருந்து.

தனகோடி பானெட்டின் ஓரமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தான். வாசலில் பூவாயி நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி.

"பார்க்கிங்ல போட்டுட்டு சொல்லிட்டுதானயா போனேன்? காதுல வுழல?" அவள் பார்வை காரின் பின்பக்கத்துக்குப் போனது. சிரிப்பு நின்றுபோனது. "செவப்பு லைட்டு எரியுது. பிரேக்க யாரு அமுத்திகினு கீறது?"

பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை நுழையுமளவு இடைவெளி உண்டு. அதன் வழியாகக் குனிந்து பார்த்தான்.

ஸ்டியரிங் தெரிந்தது. சீட் தெரிந்தது.

சீட்டில் யாரும் இல்லை.

வலது காலைத் தூக்கி டயர் அடுக்கின் மேல் வைத்தான்...

வண்டி முன்னால் வந்தது.

ஒரே ஒரு அங்குலம். பம்பர் அவன் இடது முழங்காலைத் தொட்டது. பின்னால் சுவர். காலை எடுக்க முடியவில்லை.

"கதவத் தொற! சாவியத் திருப்பு!"

பூவாயி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவை இழுத்தாள். திறக்கவில்லை. "தொறந்து வச்சுட்டுதான போனேன்... லாக் ஆயிகீதுயா!" கண்ணாடியில் முகத்தை அழுத்தி உள்ளே பார்த்தாள். அடுத்த நொடி அவள் குரலே மாறிவிட்டது.

"பெடலு... பெடலு உள்ள போய்கீதுயா. மேல கால் இல்ல."

டீசல் எஞ்சின் என்றால் எந்தக் குழாயைப் பிடுங்கினால் நிற்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வான். இதில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் மூடி மறைத்திருந்தது. கைக்கு எட்டிய ஒரு ஒயரைப் பிடுங்கினான்.

எஞ்சின் உதறியது. நிற்கவில்லை.

ஹாரன் அலறியது. இந்தத் தடவை சின்னதாக அல்ல. நீளமாக. யாரோ ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்ட மாதிரி.

தனகோடி கையை எடுத்துவிட்டான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். இத்தனை வருஷமாக எத்தனையோ வண்டிகளைப் பிரித்து மேய்ந்தவன், ஒரு வண்டி கொல்ல வரும்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அழுகை வந்தது. அதைச் சொல்வதற்கு அவன் வெட்கப்படுவதில்லை.

"லைட்டு அணையுதுயா... எரியுது... திரும்ப அணையுது..."

ஒவ்வொரு தடவை அணையும்போதும் முழங்காலில் வலி ஏறியது. எலும்பு சுவரில் அழுந்தியது.

"கட்டை!" என்று அலறினான். "சக்கரத்துக்குக் கட்டை குடு!"

மூலையில் கிடந்த புளியமரத் துண்டை இழுத்துக்கொண்டு, டயர் அடுக்குக்கும் காருக்கும் நடுவே பூவாயி ஊர்ந்து வந்தாள். வண்டி பாய்ந்தால் முதலில் அவள் கைமேல்தான் ஏறும். அவனால் 'வராதே' என்றும் சொல்ல முடியவில்லை.

சிவப்பு லைட் அணைந்தது.

எரிந்தது.

கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். காலால் உதைத்து இறுக்கினாள்.

கச்.

ஹாரன் நின்றது.

பிரேக் பெடல் மேலே எழும்பும் சத்தம் கேட்டது. கிறீச்... மெதுவாக.

வண்டி முழு பலத்தோடு கட்டையில் முட்டியது. கட்டை நெரிந்தது. ஆனால் நகரவில்லை. தனகோடி காலை உருவிக்கொண்டு டயர்களின் மேல் உருண்டு விழுந்தான். அதே நேரத்தில் நாலு கதவும் ஒன்றாக...

டக்.

பூட்டு திறந்துகொண்டது. பூவாயிதான் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். தனகோடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு டயர்களுக்கு நடுவே கிடந்தான்.

சாயங்காலம் சதாசிவம் வந்தார். அதுவரை வண்டியை யாரும் தொடவில்லை. தனகோடி எல்லாவற்றையும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சென்சார், வெயில், ஒயரிங் என்று ஏதோ விளக்கம் கொடுத்தார். பிடுங்கியிருந்த ஒயரை மாட்டி, வண்டியை எடுத்து ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "உதறலே இல்லை தனகோடி, வெண்ணெய் மாதிரி போகுது" என்று சந்தோஷமாகச் சொன்னார். வீங்கிய முழங்காலோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவர் திரும்ப வந்தார். பஸ்ஸில் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. காருக்கு இன்னொரு சாவி வாங்குவதற்காகக் கூடுவாஞ்சேரியில் இருக்கும் பழைய ஓனரைப் பார்க்கப் போயிருந்தாராம். ஜானகிராமன் என்று பெயர், ரிடையரானவர், தனியாக இருக்கிறார். பேச்சுவாக்கில் சதாசிவம், 'உங்கள் வண்டி ஒரு மெக்கானிக்கைப் பயமுறுத்திவிட்டது' என்று சிரித்துக்கொண்டே சொல்ல, மனிதர் சாவியைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

அவரும் அவர் மனைவி சியாமளாவும் முன்பு கோவளத்தில் குடியிருந்தார்கள். குள்ளமான அம்மா. அந்தக் காரை ஓட்டியதெல்லாம் அந்த அம்மாதான். ஒருநாள் இருவரும் வெளியூர் கிளம்பினார்கள். அம்மா முதலில் போய்க் காரில் உட்கார்ந்தார். ஜானகிராமன் எல்லாவற்றையும் சாத்தி, அரைமணி நேரம் கழித்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, கார் போர்ட்டிகோவை விட்டு கேட் வரைக்கும் வந்து, எஞ்சின் ஓடியபடி தயாராக நின்றது. கேட்டைத் திறக்கப் போனார். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. காருக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அதோடு மல்லாடினார். கார் விரல்கடை விரல்கடையாக வந்து அவர் காலில் முட்டிக்கொண்டே இருந்தது. அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே திட்டினார். ஒருவழியாகக் கேட் திறந்தது. அவர் ஒதுங்கி நின்றார். அதற்கப்புறம்தான், பிரேக்கிலிருந்து காலை எடுத்த மாதிரி, வண்டி முழுசாக நகர்ந்தது. அவரைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, மணலில் புதைந்து நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அம்மாவின் உடம்பு எப்போதோ சில்லிட்டிருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். உயிர் எத்தனை மணிக்குப் போயிருக்கும் என்பதையும் சொன்னார். ஜானகிராமன் அதை நம்ப மறுத்தார். இன்றைக்கும் நம்ப முடியாமல்தான் அழுகிறார். ஏனென்றால் டாக்டர் சொன்ன அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் காரையும் பார்த்திருந்தார். அது போர்ட்டிகோவிலேயே நின்றது. எஞ்சினை இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்திருக்கவில்லை.