முன்னறையில் எதையும் நகர்த்தக்கூடாது

என் தம்பி திரைப்பட இயக்குநர் என்று சொன்னால், கேட்பவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்தப் படம்?" என்பார். படத்தின் பெயரைச் சொன்னதும் மெல்லச் சாய்ந்துகொள்வார். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த நிமிர்தலையும் சாய்தலையும் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அவனுக்குச் சலிக்கவில்லை.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் தீட்டிக்கொண்டிருந்தவன் அவன். ஐந்து மணி அடித்தால் வீட்டுக்கு வந்துவிடக்கூடிய வேலை. இருபத்து மூன்றாம் வயதில் அதை உதறிவிட்டு, ஒரு பேருந்து நிறுத்தத்தைப் பற்றி நாற்பது நிமிடப் படம் எடுத்தான். நூலக மாடியில் அதைத் திரையிட்டபோது பதினொரு பேர் போயிருந்தோம். எங்களில் ஏழு பேர் உறவினர்.

"கடைசி வரைக்கும் பஸ் வரவே இல்லையே?" என்று என் கணவர் கேட்டார்.

"அதான் மாமா படமே" என்றான்.

இரண்டாவது படத்தில் முக்கால் பங்கு முடிந்திருந்தது. கதாநாயகனாக நடித்த தபால்காரர், ஒரு நாள் வெயில் தாங்காமல் தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றார். ஒட்டுத்தாடி வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் மன்றாடினோம். "ஒட்டினா ஒட்டினதுன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டான். தாடி மீண்டும் வளர்ந்தது; ஆனால், முன்பைவிட வெளுத்து வளர்ந்தது. படம் பெட்டிக்குள் போயிற்று. அதன்பின் பல ஆண்டுகள், பள்ளி ஆண்டு விழாக்களையும், தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அலுவலகத்தாருக்கு விளக்கும் படங்களையும் எடுத்துக் காலந்தள்ளினான்.

மூன்றாவது படத்துக்கு என் வீட்டு முன்னறை கிடைத்தது. கிடைத்தது என்ன, எடுத்துக்கொண்டான். கணவனை இழந்த ஒருத்தி, அவன் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கிய பிரம்பு நாற்காலியில் ஓராண்டு உட்காராமலே இருக்கிறாள். கடைசிக் காட்சியில் அந்தப் பள்ளத்தில் உட்காருகிறாள். கதை அவ்வளவுதான். நாற்காலி எங்களுடையது, பள்ளம் என் கணவருடையது. நடித்தவள் பல் மருத்துவமனைச் செவிலி. படம் பிடிப்பவரை நாங்கள் 'மேகம்' என்போம். வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுதான் அவர் பேச்சில் பாதி.

மூவருக்கும் சனிக்கிழமைதான் ஓய்வு. வெளிச்சமோ மாலை நான்கு மணிக்குத்தான் அவனுக்குப் பிடித்தபடி விழும். ஆகவே, பதினொரு மாதங்கள் முன்னறையில் எதையும் நகர்த்தக்கூடாது என்றான். தரையில் சுண்ணக்கட்டிக் கோடுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பெருக்கினேன். விருந்தினரை அடுக்களையில் உட்கார வைத்தேன்.

கடைசிக் காட்சி ஒன்றே மீதமிருந்தது. செவிலிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை புறப்பட வேண்டும். அந்தச் சனிக்கிழமையை விட்டால் படம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், என் கணவர் ஆளை அழைத்து வந்து, நாற்காலிக்குப் புதுப் பிரம்பு பின்ன வைத்திருந்தார். தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். படப்பிடிப்புக்கு முந்தைய நாள் அவன் அதை அணைத்து வைத்துவிடுவான். அது அவனுக்குத் தியானமாம்.

மறுநாள் மூன்றரை மணிக்கு வந்தவன், அறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமா, இது என்ன?"

"நல்லா இருக்குல்ல? முக்கியமான சீன்னு சொன்னியே. போயும் போயும் ஓட்டை நாற்காலியில அந்தப் பொண்ணு உக்காரணுமான்னு..."

"அந்தப் பள்ளம்தான் மாமா படம்!"

"அந்தப் படத்துல பஸ் வரல, இதுல பள்ளம் வேணும்கிற. மனுஷனுக்கு எப்படிடா தெரியும்?"

என் கணவரே அதில் ஏறி உட்கார்ந்து எம்பிப் பார்த்தார். மேகம் தம் கருவிப் பெட்டிகளை அடுக்கிப் பார்த்தார். புதுப் பிரம்பு இம்மியும் அசையவில்லை. தம்பி கருவிகளின் மின்கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினான்.

"இன்னிக்கு வேணாம்."

"சார், திங்கட்கிழமை ஃபிளைட். மூணு வருஷத்துக்கு நான் வர முடியாது" என்றாள் செவிலி.

"காத்திருக்கலாம்."

"பதினொரு மாசமா ஒரு சனிக்கிழமை விடாம வந்திருக்கேன். பல்லு புடுங்குற இடத்துலகூட இவ்வளவு இழுக்க மாட்டாங்க சார்!"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "டேய், தாடிக்காக ஒரு படத்தைப் புதைச்ச. இப்ப நாற்காலிக்காக இன்னொண்ணா? உனக்கு ஐம்பத்தொண்ணு ஆச்சுடா."

அவன் அடுத்த கம்பியைச் சுருட்டினான். செவிலிதான் சொன்னாள்: "நல்லதுன்னு நெனச்சு வீட்டுல யாரோ சரி பண்ணிட்டாங்கன்னு வச்சுக்கலாமே. நான் வந்து பாக்குறேன்."

"அப்படி எழுதலியே."

"எழுதலைன்னாலும் நடந்துருச்சே சார்."

"இன்னும் இருபது நிமிஷம்" என்றார் மேகம், வானத்தைப் பார்த்தபடி.

தம்பி நாற்காலியையே வெறித்துக்கொண்டிருந்தான். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமா, அங்க போய் நில்லுங்க. கையை எங்க வச்சுக்கணும்னு மட்டும் கேக்காதீங்க" என்றான்.

என் கணவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். என்ன பேச வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. செவிலி உள்ளே வந்தாள், இருக்கையைப் பார்த்தாள், விரல்களால் அதைத் தடவி, பள்ளத்தைத் தேடினாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பயந்துபோன என் கணவர், காலையிலிருந்து தம் வாயில் இருந்ததையே சொன்னார்:

"நல்லா இருக்குல்ல?"

அவள் புதுப் பிரம்பை இன்னொரு முறை தடவினாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, விளிம்பில், பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தாள்.

மேகம் அன்று பெருமூச்சு விடவில்லை. ஒரே முறைதான் எடுத்தார்கள். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

"சரியா வரல" என்றான் தம்பி.

படம் இதுவரை நான்கு ஊர்களில் திரையிடப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஊரிலும் யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பற்றுகிறார்கள். அவர்களிடம், அந்தக் கடைசிக் காட்சி தான் எழுதியபடி அமையவில்லை என்று, கால் மணி நேரம் விளக்கிக்கொண்டிருக்கிறான். நன்றி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்ல மாட்டான்.