சிம்சோனின் பன்னிரண்டு மணி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு வெள்ளிப் பாலாடை இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். மார்த்தாண்டத்தில் என் கணவர் பிறந்தபோது மாமி, அதாவது என் மாமியார், வாங்கியது. அதன் மூக்கில் எப்போதும் ஒரு சொட்டுத் தேன் காய்ந்து ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்து, வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கான், பல்லெல்லாம் கொட்டிப்போச்சு" என்பேன். அவர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நான் சொல்வது எங்கள் நாயை. சிம்சோன், டாய் டெரியர் இனம். முழுதாக வளர்ந்தும் இரண்டு கிலோவைத் தொடாத உடம்பு, தீக்குச்சிக் கால்கள், முகத்தை விடப் பெரிய காதுகள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவர் இவனைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எங்கள் கழக்கூட்டம் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தார். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "எடேய், இது நாயாக்குமா, பெருச்சாளிக்க குட்டியா?" வேதாகமத்துப் பலசாலியான சிம்சோனின் பெயரைக் கேலிக்காகத்தான் வைத்தார். பெயர் அவன் தலைக்கு ஏறிவிட்டது. பால்கனிக் கம்பி வழியாகத் தெருநாய்க் கூட்டத்தையே சண்டைக்குக் கூப்பிடுவான். லிஃப்ட் கதவு திறந்தால் குலைப்பான், மூடினாலும் குலைப்பான்.

மாமி தெய்வபயமுள்ள மனுஷி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்றால் எங்கள் வீட்டில் மதியம் இரண்டு மணி வரை அடுப்பு எரியாது. ஐந்து வயதில் தொடங்கி என் கணவர் அப்படித்தான் வளர்ந்தார். கல்யாணமாகி வந்த பிறகு நானும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கினேன், ஆபீசில் திருட்டுத்தனமாகத் தின்ற பழம்பொரி பஜ்ஜிகளைத் தவிர.

சிம்சோன் வந்த மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. அவன் பன்னிரண்டு மணித் தீனியைக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டு நான் தம்பானூரில் இருந்த என் ஆபீசுக்குப் போய்விட்டேன். இரண்டு மணி தாண்டி மாமியின் போன் வந்தது. "பிள்ளே, சிம்சோன் குடிகாரனப் போல ஆடுகான். விழுந்துட்டான். கண்ணு மேல போவுது."

"பன்னிரண்டு மணிக்குத் தின்னானா மாமி?"

"கிண்ணத்த நான் பீரோ மேல தூக்கி வச்சிட்டேன். வெள்ளிக்கிழமல்லா?"

ஊரில் அவர் பார்த்த நாய்கள் ஒருவேளைச் சோற்றில் காவல் காத்தவை. ஒரு நேரம் பட்டினி கிடந்து எந்த நாயும் செத்ததில்லை. வீட்டோடு சேர்ந்து நாயும் உபவாசம் இருக்கட்டும் என்று உண்மையாகவே நல்லெண்ணத்தோடு நினைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்திருந்தால் எங்கள் உறவு அன்றே முடிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, அவருடைய இருமல் மருந்தோடு இருக்கும் தேன் பாட்டிலை எடுக்கச் சொன்னேன். குட்டி நாய்க்குச் சர்க்கரை இறங்கினால் தேன் தடவ வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். விரலில் தொட்டு ஈறில் மட்டும் தேய்க்க வேண்டும். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பாலாடையில் தேனை ஊற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டோவில் நெடுஞ்சாலை நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி நான் கேட்டதெல்லாம் அவருடைய ஜெபம்தான். ஜெபத்தின் நடுவே திடீரென்று ஒரு கூச்சல்: "நக்குகான் பிள்ளே! விரல நக்குகான்!"

மாமி முந்தானையில் பொதிந்து வைத்திருந்தவனை வாங்கிக்கொண்டு, மாமியும் நானும் மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மலையாளத்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "அம்மே, இத்தர குஞ்ஞு நாய்க்கு உடம்புல சேமிப்பே இல்ல கேட்டோ. நாலு மணிக்கூர் கழிஞ்சா சக்கர கீழ போகும். பட்டினி பாடில்லா." நாலு மணி நேரம் தாண்டினாலே சர்க்கரை இறங்கிவிடும், பட்டினியே கூடாது என்று மாமிக்கும் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் தன் போனை என்னிடம் நீட்டி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைக்கச் சொன்னார்.

அடுத்த வெள்ளி ஹாலில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நான் லீவு போட்டிருந்தேன். மாமியை நம்பவில்லை என்பதுதான் நிஜம். பன்னிரண்டுக்கு அலாரம் அடித்தது. முழங்காலில் இருந்த மாமி சுவரைப் பிடித்து எழுந்து அடுக்களைக்குப் போனார். ஜெபத்துக்கு வந்திருந்த கீழ்வீட்டு அக்கா கண்ணைத் திறந்து, "உபவாசத்துல அடுக்களையில என்ன சோலி?" என்று கேட்டார்.

"உபவாசம் எனக்காக்கும். அவனுக்கில்ல" என்றார் மாமி. அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். நான் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை லீவு போட்டதில்லை.

மாமி ஒன்றில் இறங்கிவிட்டால் பின்வாங்குகிற ஆள் இல்லை. கழுத்துப்பட்டை இழுத்தால் இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் நசுங்கும் என்று கேள்விப்பட்டதும், தன் பழைய ஜாக்கெட் துணியில் நெஞ்சுப்பட்டை தைத்தார். மழைக்காலத்தில் அவன் வெடவெடப்பான். கணவரின் கம்பளிக் காலுறை அவனுக்குச் சட்டையானது. பல் சீக்கிரம் கெடும் என்பதால் விரலில் துணி சுற்றித் தினமும் தேய்த்தார், கடியும் வாங்கினார். உயரத்திலிருந்து குதித்தால் கால் ஒடியும் என்று டாக்டரம்மா சொன்ன வாரமே ஆசாரியை வரவழைத்து, ஊரிலிருந்து வந்த, அவனோடு தான் படுக்கிற தேக்குக் கட்டிலின் கால்களை அறுக்கச் சொல்லிவிட்டார். மூட்டுவலிக்காரரான மாமிக்கு அந்தத் தாழ்ந்த கட்டிலிலிருந்து எழுவது தினசரி தண்டனை. நான் சத்தம் போட்டேன். "எனக்க முட்டு தேஞ்சதாக்கும். அவனுக்க காலு ஒடியண்டாம்" என்று முடித்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் மாமி போய்ச் சேர்ந்தார். மார்த்தாண்டத்து வீட்டில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தனியே விட முடியாது என்று சிம்சோனையும் கொண்டுபோயிருந்தோம். என் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து யார் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. போதகர் ஜெபிக்க எழுந்தார், வீடே அடங்கியது. அப்போது மாமியின் கைப்பையில் இருந்த போன் அடித்தது. பன்னிரண்டு.

சிம்சோன் பெட்டியைப் பார்த்துக் காதைத் தூக்கினான். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே எழுந்தேன். "சாவு வீட்டுல இப்பம் நாய்க்குத் தீனியா?" என்று பின்னால் ஒரு குரல். மாமியின் பேச்சு என் வாயில் வந்தது: "பட்டினி நமக்காக்கும். அவனுக்கில்ல." பெட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்து, அவன் தின்று முடிக்கும்வரை இருந்தேன். போதகர் நல்லவர், காத்திருந்தார்.

இப்போது எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சிம்சோனுக்குப் பல் இல்லை, ஒரு கண்ணில் புரை. குழைத்த சோற்றின் மேல் பாலாடையிலிருந்து ஒரு சொட்டுத் தேன் விட்டால்தான் வாய் வைப்பான். கட்டிலுக்குப் புதிய கால் வைக்கலாம் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். அவன் இருக்கிறவரை கூடாது என்றுவிட்டேன். என் முழங்காலும் வலிக்கத் தொடங்கியிருக்கிறது. மாமியின் போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் தேவையில்லை, சார்ஜ் மட்டும் போதும். தினமும் போடுகிறேன். பன்னிரண்டுக்கு அது அடிக்கும்போது சிம்சோன் இன்னும் என்னிடம் வருவதில்லை, மாமியின் அறைக்குத்தான் ஓடுகிறான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நானும் அங்கே போகிறேன்.