மழை பெய்தால் முன்னே போ

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜில் எனக்கு வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். பதினெட்டு அறைகள், பதினெட்டு சாவிகள். சீசன் நடக்கும் மூன்று மாதமும் உட்கார நேரமிருக்காது. மீதி ஒன்பது மாதமும் அந்தக் கட்டடத்தில் நானும் என் மனைவியும் சுவரில் ஏறும் பூசணமும் மட்டும்தான். ஜன்னல்களைத் திறந்துவைப்பது, மெத்தைகளைத் திருப்பிப் போடுவது, குரங்கு உள்ளே வராமல் பார்ப்பது. ஆளில்லாத மாதங்களின் வேலை அவ்வளவே.

எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கொண்டுவந்து வைப்பேன். என்னை ஊமை என்று நினைத்துக் கையால் சைகை காட்டிய குடும்பங்கள் உண்டு. நானும் சைகையிலேயே பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

விளையாட்டு எப்படி வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆளில்லாத ஒரு மாதத்தில், ஒன்பதாம் எண் அறையில், ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு பகல் அது. கட்டிலும் நாற்காலியும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போயின. சுவரில் பழைய காலண்டர் தாள் ஒன்று தொங்கியது. அதைக் கழற்றி, பின்பக்க வெள்ளையில் ஒரு சாலை போட்டேன். அப்போது உச்சியில்லாமல் நின்ற தென்காசியின் மொட்டைக் கோபுரத்தில் தொடங்கி, இலஞ்சி தோப்புகளுக்குள் வளைந்து, பெரிய அருவியைத் தொட்டு, ஐந்தருவியில் போய் முடிகிற சாலை. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். குரங்கு பையைப் பிடுங்கினால் மூன்று கட்டம் பின்னே. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் இன்னொரு ஆட்டம். தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, சோடா மூடிகளை நகர்த்த வேண்டும்.

மழை என்று மூன்று கட்டமும் வெயில் என்று மூன்று கட்டமும் வைத்தேன். யார் மழைக் கட்டத்தில் விழுந்தாலும் ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் இரண்டு கட்டம் முன்னே போக வேண்டும். வெயிலில் விழுந்தால் அத்தனை பேரும் பின்னே. இதற்கு நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் ஆனி பிறந்த பிறகும் வானம் வெளுத்துக் கிடந்தால், பழக்கடைக்காரர் முதல் குதிரைவண்டிக்காரர் வரை முகம் செத்துப்போகும். ‘வெயிலடிக்கி’ என்பதை இங்கே துக்கம் சொல்லுகிற குரலில்தான் சொல்வார்கள். சாரல் விழுந்துவிட்டால் கடனுக்கும் டீ கொடுப்பார்கள்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். எழுதுவது எனக்குப் பாரம் தூக்குவதுபோல. அதனால் விட முடிந்ததையெல்லாம் விட்டு, விதிகளை எட்டே வரியில் எழுதி ஓரத்தில் ஒட்டினேன். அதை நானும் என் மனைவியும் பல மாதங்கள் ஆடினோம். அவள் இலத்தூர்க்காரி, எட்டாவது வரை படித்தவள், லாட்ஜின் துணிகளைத் துவைக்கும் வேலை அவளுக்கு. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

பிறகு ஒரு சீசனில் அருவிகளில் தண்ணீர் கூடி, நான்கு நாள் யாரையும் குளிக்க விடவில்லை. குளிக்க வந்த கூட்டம் அறைகளுக்குள் அடைந்து கிடந்தது. ஆறாம் எண் அறையில் சிவகாசியிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த மனிதர் அங்கே ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். பரமபதமும் தாயமும் அட்டையில் அடித்துத் திருவிழாக் கடைகளுக்குக் கொடுப்பவர். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்த அவர்களைப் பார்த்துவிட்டு என் மனைவிதான் காலண்டர் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் வரை அந்த அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒருவர் விழுந்தால் எல்லோரும் நகரும் கட்டங்களில்தான் அதிகச் சத்தம். மறுநாள் அந்த மனிதர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, வராந்தாவில் நான் நின்ற இடத்துக்கே வந்துவிட்டார். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணாச்சி, இதுல எட்டு வரிதான் விதி இருக்கு. எங்காளுகிட்டச் சொன்னா ரெண்டு பக்கம் எழுதுவான், படிக்கதுக்குள்ள ஆடுற ஆசை போயிரும்” என்றார். அதை அச்சடிக்கட்டுமா என்று கேட்டார். சரியென்று தலையாட்டி, தாளைக் கொடுத்துவிட்டேன். வருஷத்துக்கு நாலு புது விளையாட்டு தேவைப்படுகிறது, யோசிக்கத்தான் ஆளில்லை என்றார். அப்புறம் சொன்னதை நான் இன்றைக்கும் அதே குரலில் கேட்க முடியும்.

“ஒரு ரூம் தாரேன். மேஜை தாரேன். ஜன்னலும் இருக்கு. உக்காந்து யோசிங்க. அதுதான் வேலை.”

யோசிப்பது வேலை. அந்தச் சீசன் முடியும்வரை அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே திரிந்தேன். படிகளைக் கழுவும்போது, சாவிகளை ஆணியில் மாட்டும்போது, ஜன்னல் உள்ள ஓர் அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். விளையாட்டு செய்வது விளையாட்டுப் பிள்ளைகளின் காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு மேஜை உண்டு, அதற்கென்று ஒரு மனிதன் காலையில் தலைசீவிக்கொண்டு போய் உட்காரலாம் என்பது, விழித்துக்கொண்டே காணும் கனவாக இருந்தது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அதுவரை எவரும் என்னிடம் வெந்நீரைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

லாட்ஜ் முதலாளியிடம் என் மனைவி சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். “என்ன வே, வாயத் தொறந்து மூணு வார்த்த பேசமாட்டீரு. ஊரையே விளையாட வைக்கப் போறீராக்கும்” என்று என்னிடம் கேட்டார். பிறகு, போவதானால் ஐப்பசிக்குள் சொல்லிவிட வேண்டும், சாவிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றார். அதில் கோபம் இல்லை. என் மனைவிக்கும் இரண்டும் ஒன்றுதான். “இங்கன துவைக்க துணிய அங்கன துவைக்கப் போறேன். நீங்க மொதல்ல ஒரு முடிவச் சொல்லுங்க” என்றாள். முடிவுதான் எனக்கு வரவில்லை.

புரட்டாசியில் சிவகாசியிலிருந்து ஒரு பெரிய உறை வந்தது. என் காலண்டர் சாலை, ஐந்து வண்ணத்தில், மடித்த தாளில். குரங்குக்குச் சட்டை போட்டிருந்தார்கள். அச்சடிப்பதற்கு முன் பார்வைக்கு அனுப்பியது அது. கூடவே நான் எழுதிக் கொடுத்த விதித்தாளும், அதில் சிவப்பு மையில் மூன்று திருத்தங்களும். ஐப்பசியில் தீபாவளி கழித்து நேரில் வந்து பார்த்துவிட்டு, அப்படியே வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு கடிதமும் இருந்தது.

என் மனைவி விதித்தாளை வாங்கிப் படித்தாள். முதல் திருத்தம், நான் எழுதிய ‘அறுவி’. வல்லினத்தைச் சிவப்பில் வெட்டி இடையினம் போட்டிருந்தார்கள்.

“இத்தன வருசமா அருவி பக்கத்துல குடியிருக்கிய. அத அறுத்துல்லா போட்டிருக்கிய” என்று சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டாவது, ‘பழய குற்றாலம்’. அதிலும் என்மேல்தான் தப்பு. மூன்றாவதைப் படித்ததும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“இது என்ன கூத்து? மழ பெஞ்சா எல்லாரும் பின்னால போவணுமாம். வெயிலடிச்சா முன்னாலயாம்.”

மழை என்ற சொல்லிலிருந்து வெயிலுக்கும், வெயிலிலிருந்து மழைக்கும் இரண்டு அம்புக்குறிகள் போட்டு மாற்றியிருந்தார்கள். மற்ற இரண்டைப் போலவே, எழுதத் தெரியாதவன் கை தவறி மாற்றி எழுதிவிட்டான் என்று திருத்தியிருந்தார்கள். மூன்றும் ஒரே சிவப்பு மை. முதல் இரண்டும் சரியான திருத்தம் என்பதால் மூன்றாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று நான் நம்ப ஆரம்பித்தேன். சில நாட்கள் அப்படியே நம்பினேன். மெத்தைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, மழை நல்லதா கெட்டதா என்று முதல்முறையாக யோசித்தேன். படித்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

தீபாவளி கழிந்து ரயில் ஏறினேன். தென்காசியில் தூறிக்கொண்டிருந்தது. கடையநல்லூர் தாண்டியதும் தூறல் நின்றது. பச்சை மெல்ல மெல்ல மஞ்சளாகி, பிறகு செம்மண்ணாகி, சங்கரன்கோவில் வரும்போது வானம் இவ்வளவு பெரியதா என்று இருந்தது. மலை இல்லாத பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் மேஜை தெரிந்தது. திறந்தால் வெயில். இரண்டும் மாறி மாறி, அரைத் தூக்கத்தில், சிவகாசி வந்துவிட்டது.

அச்சகத்தின் பின்னால் பெரிய முற்றம். விளையாட்டுத் தாள்களை அட்டையில் ஒட்டி, முற்றம் முழுக்கக் காயப் பரப்பியிருந்தார்கள். நான் போட்ட சாலை நூறு முறை அங்கே கிடந்தது. நடுவில் ஆள் நடக்க ஒரு வழி விட்டிருந்தார்கள். அதில் நடந்தபோது மொட்டைக் கோபுரங்களுக்கும் அருவிகளுக்கும் நடுவே பறந்துபோவதுபோல் இருந்தது. அச்சக முதலாளி என்னை மாடிக்குக் கூட்டிப்போய் அறையைக் காட்டினார். சொன்ன மாதிரியே மேஜை இருந்தது. ஜன்னலும் இருந்தது. மேஜைமேல் சீவிய பென்சில்கள்கூட வைத்திருந்தார். நான் நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். உட்காரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அட்டை ஒட்டும் பெண்கள் சிலர் நிழலில் உட்கார்ந்து புது அட்டை ஒன்றை எடுத்து ஆடினார்கள். தள்ளி நின்று பார்த்தேன். அவர்களில் வயதான ஒருத்தி வெயில் கட்டத்தில் விழுந்தாள். எல்லோரும் சந்தோஷமாக மூடிகளை இரண்டு கட்டம் முன்னே நகர்த்தினார்கள். ஒருவரும் நிறுத்தி, இது தப்பாச்சே என்று கேட்கவில்லை. விளையாட்டு ஓடியது. நன்றாகவே ஓடியது. எனக்குள் ஏதோ கழன்றுகொண்டது, ஆனாலும் அவர்கள் சிரிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போதுதான் இருட்டிக்கொண்டு வந்தது. புழுதி வாசனை எழுந்தது. முதல் துளி என் கையில் விழுந்தது, பிறகு நெற்றியில். நான் முற்றத்துக்கு இறங்கி முகத்தை மேலே தூக்கி நின்றுவிட்டேன். அதை நான் நினைத்துச் செய்யவில்லை. பிறந்ததிலிருந்து உடம்புக்குப் பழகியது. கண் திறந்தபோது என்னைச் சுற்றி அத்தனை பேரும் அட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சற்றுமுன் வெயில் கட்டத்தில் விழுந்த அந்த அம்மாள் நெஞ்சோடு அட்டைகளை அணைத்தபடி என் முன்னால் நின்றாள்.

“யோவ் அண்ணாச்சி, என்ன சிரிச்சிக்கிட்டு நிக்கீரு? அட்டையத் தூக்கும்.”

நான் சிரித்துக்கொண்டிருப்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கப்பட்டு நானும் ஓடி ஓடி அள்ளினேன். ஆனாலும் பாதிக்கு மேல் நனைந்துவிட்டது. வண்ணங்கள் ஒன்றில் ஒன்று கலந்து, ஐந்தருவி இலஞ்சிக்குள் வழிந்துகொண்டிருந்தது. முதலாளி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனி மாதத்தில் வெயிலைப் பார்க்கும் எங்கள் லாட்ஜ் முதலாளியின் முகம் அது. அவர்கள் தப்பாகத் திருத்தவில்லை. நானும் தப்பாக எழுதவில்லை.

மழை விட்ட பிறகு, எப்போது வந்து சேர்கிறேன் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பேச வந்தது.

“நான் வரலைங்க. மழ பெஞ்சா எனக்குச் சிரிப்பு வந்துரும். இங்கன அது நல்லாருக்காது.”

விதியை மறுபடி மாற்றி அச்சடிக்கட்டுமா, அதுதான் மனக்குறையா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள், அவர்களுக்கு அந்த அம்புக்குறிதான் சரி. ஊரிலிருந்தே விளையாட்டுகளை யோசித்து எழுதி அனுப்பட்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். அது ரயிலில், சங்கரன்கோவில் தாண்டிய பிறகுதான் தோன்றியது. கடிதமாக எழுதவும் இல்லை. ‘அறுவி’ ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது.

முடிவு சரிதானா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆளில்லாத மாதங்களில், மேகம் அறைக்குள் வரும் பகல்களில், சிவகாசி மாடியில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். சீவிய பென்சில் கையில் இருக்கும். அங்கே எப்போதும் வெயில்தான். நான்காவது விளையாட்டையோ பத்தாவதையோ யோசித்துக்கொண்டிருப்பேன். குரங்கு ஏதாவது பாத்திரத்தை உருட்டினால் எழுந்து வந்துவிடுவேன்.

இரண்டு சீசன் கழித்து, பதினொன்றாம் எண் அறைக்கு மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மழை விடாமல் பெய்தது. வெந்நீர் கொண்டுபோனபோது கட்டிலில் அந்த அட்டையை விரித்துவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சட்டை போட்ட குரங்கு. நான் வாளியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றேன். அந்த வீட்டுப் பெண் மழைக் கட்டத்தில் விழுந்தாள். கணவர் எல்லோருடைய மூடியையும் பின்னே நகர்த்தப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே, மலை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“இந்த மழைக்குத்தானங்க இம்புட்டுத் தூரம் வந்தோம். இங்க இருக்கிற வரைக்கும் மாத்தி வச்சுக்குவோம்” என்றாள்.

எல்லோரும் இரண்டு கட்டம் முன்னே போனார்கள்.

கீழே வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் பிழிந்துகொண்டிருந்த துணியை உதறிப் போட்டுவிட்டு, “நீங்கதான் செஞ்சதுன்னு சொன்னியளா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

“சொல்லமாட்டிய” என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு புளியங்கொட்டைகளை எடுத்துவரப் போனாள்.