ஒரே பொட்டலம், இரண்டு தீர்ப்பு

சிட்னியில், செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் கம்பனி கஞ்சா விற்கிறது. பயப்பட வேண்டாம், லைசன்ஸ் எடுத்த, டொக்டர் எழுதிக்கொடுக்கும் கஞ்சா. சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு போஸ்டர்: 'பழைய கஞ்சாச் சட்டங்களால் அடிபட்ட சமூகங்களுக்கு எங்கள் கதவு திறந்திருக்கிறது.'

அதை நம்பின முட்டாள் நான்தான். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நிரந்தர வேலை இருக்கிறது, விண்ணப்பம் போடு என்று அண்ணாவிடம் சொன்னேன். கேஷுவல் ஷிஃப்ட்களில் அலைந்து அலுத்தவன், இன்டர்வியூவில் கலக்கிவிட்டான். பிறகு பழைய குற்றப் பதிவைத் தேடும் பொலிஸ் செக். கதவு மூடியாயிற்று.

அவன் செய்த குற்றம் இதுதான். யூனியில் படிக்கும்போது ஒரு வெள்ளைக்கார சிநேகிதனோடு வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கினான். பொலிஸ் நாய் இருவரையும் மோப்பம் பிடித்தது. ஒரே கஞ்சாப் பொட்டலம், ஆளுக்குப் பாதி. சிநேகிதனின் அப்பா லோயர் பிடித்தார். ஃபுட்டி டீம் கோச், பார்ட் டைம் வேலை முதலாளி என்று எல்லாரிடமும் 'நல்ல பிள்ளை' என்று கடிதம் வாங்கிக் கொடுத்தார். கோர்ட்டில் அவன்மேல் தண்டனை எதுவும் பதியாமல் விட்டார்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது? "ஒருத்தரிட்டயும் கடிதம் கேக்கப்படாது. சேர்ச் முழுக்கத் தெரிஞ்சிடும். போய் சொறி சொல்லு, விட்டிடுவினம்" என்றார் அப்பா. அண்ணா டை கட்டிக்கொண்டு தனியாகப் போய் சொறி சொன்னான். அபராதம் விதித்து, ரெக்கோர்டிலும் ஏற்றிவிட்டார்கள்.

வேலை இல்லை என்ற ஈமெயில் வந்த அதே வாரம் என் மனேஜர் சிரித்துக்கொண்டு வந்தாள். ஈக்விட்டி வாரம் என்று சமவாய்ப்பைக் கொண்டாட ஒரு பொதுக்கூட்டம் வைக்கிறார்களாம், அண்ணா வந்து தன் 'அனுபவத்தை' மேடையில் சொல்ல வேண்டுமாம், கிஃப்ட் கார்ட் உண்டாம். "அப்ப வேலை?" என்று கேட்டேன். அது வேறு டீமாம். நான் விடவில்லை. கடைசியில், வழக்கு விஷயம் தெரிந்த இரண்டு பேர் நற்சான்று கொடுத்தால் திரும்பப் பார்க்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து குசினியில் கத்தினேன்.

"மெல்லக் கதை, பக்கத்து வீட்டு அன்ரிக்குக் கேக்கும்" என்றார் அம்மா.

"கேக்கட்டும்! அண்டைக்கும் இதைத்தானே சொன்னனீங்கள்? அதாலதான் இவன் இப்பிடி நிக்கிறான்!"

"அடியேய், என்ர கேசுக்கு நீ ஏன் லோயர் வேலை பாக்கிறாய்?" என்று அண்ணா இளித்தான். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, சேர்ச் பாடகர் குழுவை நடத்தும் அங்கிளைக் கூப்பிட்டார். எந்த மனிதருக்குத் தெரியக்கூடாது என்று அன்று நடுங்கினாரோ, அவரிடமே முழுக் கதையையும் சொன்னார்.

"இவ்வளவுதானே?" என்றார் அங்கிள். "கடிதம் இப்பவே எழுதுறன். டேய், நானே என்ர முதுகுக்கு டொக்டர் தந்த கஞ்சா எண்ணெயைக் குடிச்சுப்போட்டுத்தான் படுக்கிறனான். என்ர மனிசிக்குச் சொல்லிப்போடாத, மீனெண்ணெய் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அண்ணா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மனிதர் அன்றும் இருந்தார், இதே பேனாவோடு. கேட்கத்தான் ஆளில்லை.

அங்கிளும் அண்ணாவின் பழைய சூப்பர்வைசரும் கொடுத்த கடிதங்களை அனுப்பினோம். ஒரு வரியில் பதில் வந்தது: கம்பனி விதி, மாற்ற முடியாது. அதற்கு அடுத்த ஈமெயிலில் மனேஜர், "கூட்டத்துக்கு அண்ணா வருகிறாரா?" என்று கேட்டிருந்தாள். பூப்படம் வேறு போட்டிருந்தாள்.

"நான் போகேல்ல. கதை கேக்க மட்டும் நான் வேணுமாம்" என்றான் அண்ணா. இந்தத் தடவை இளிக்கவில்லை.

"நான் போறன்" என்றார் அப்பா.

"உங்களுக்கென்ன விசரே? அங்க எங்கட ஆக்களும் வருவினம்" என்றார் அம்மா.

"வரட்டும். அந்த வெள்ளைக்காரப் பெடியனுக்கு என்ன நடந்தது, இவனுக்கு என்ன நடந்தது, நான் என்ன செய்யேல்ல, இவங்கள் இப்ப என்ன செய்யிறாங்கள், எல்லாத்தையும் சொல்லுறன்."

அப்பாவின் பெயரை அனுப்பினேன். எத்தனை நிமிடம் பேசுவார் என்று மனேஜர் கேட்டாள். சொல்லி முடிக்கும்வரை என்று எழுதினேன்.