கமலா அக்காவின் சமையலறைக் குழாய்

அன்று காலை எதிர்வீட்டு ராமு அண்ணன் "கமலா, கமலா" என்று கூப்பிடுவது நிற்கவே இல்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவர் கூப்பிட்டால், இரண்டாவது குரலுக்குள் மனைவி வந்துவிடுவார். என்னிடமிருந்த மாற்றுச் சாவியால் இரும்புக் கதவைத் திறந்தேன். சமையலறையில் கமலா அக்கா விழுந்து கிடந்தார். மூச்சு இல்லை. அண்ணனிடம் அதை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியிலேயே அக்காவைத் தெரியாதவர்கள் உண்டு. அண்ணன் படுத்ததிலிருந்து மருந்துக்கும் மீனுக்கும் மட்டுமே அவர் கீழே இறங்கினார். ஆனால் வாய் சும்மா இருக்காது. "வா, வா. ஆயுள் கைதிக்கு நீ ஒருத்திதான் விசிட்டர்" என்று கம்பிக் கதவு வழியே என்னை வம்புக்கு இழுப்பார்.

சென்ற ஆண்டு, ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் கிள்ளானில் அவருடைய ஒரே தங்கை வீடு வாங்கினார். புதுமனை புகுவிழாவுக்கு ஒரு பகல் போய்வர வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் ஆசை. அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இடைஞ்சல் அந்தச் சமையலறைக் குழாய். அது சொட்டுகிற சத்தத்தில் அண்ணனுக்குத் தூக்கம் வராது. ஓயாமல் "கமலா, பைப்பு" என்பார். வேறு யார் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வாஷர் மாற்றினால் தீர்ந்தது. ஆனால் தண்ணீரை நிறுத்தும் வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதனால் அக்கா தண்ணீர்த் தடை அறிவிப்புக்காகக் காத்திருந்தார். அறிவிப்பு வந்ததும் மாடி முழுக்க வாளியும் வசவுமாக இருக்க, அவர் மட்டும் சந்தோஷமாக ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். மொட்டைமாடித் தொட்டியும் வற்றியதும் குழாயின் தலையைக் கழற்றி, தேய்ந்துபோன ரப்பர் வாஷரைக் கத்தி முனையால் நெம்பியெடுத்து, புதியதைப் போட்டார்.

"இனிமே யாரும் போட்டு முறுக்கக்கூடாது. மூட ஒரு விரலு போதும்" என்றார்.

தண்ணீர் திரும்பியபோது ஒரு சொட்டு விழவில்லை. அண்ணன் பகலிலேயே குறட்டை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து நின்றார். ரயில் நிலையம் வரைதான் போயிருக்கிறார்.

"என்னக்கா, ரயில் வரலையா?"

"வந்துச்சு. ரெண்டு போச்சு. கால் ஏற மாட்டேங்குது லா. வீட்ல சத்தமே இல்லாம விட்டுட்டு வந்துட்டேனே. அவரு கூப்பிட்டாத்தானே இருக்காருன்னு தெரியுது."

நான் அங்கே எதற்கு உட்கார்ந்திருந்தேனாம்? எனக்குக் கோபமான கோபம். மறுநாள் குழாய் மறுபடி சொட்டியது. புது வாஷருக்கு என்ன கேடு என்று கேட்டேன்.

"வாஷர் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் கொஞ்சம் தெறந்து வச்சிருக்கேன்" என்றார்.

கடைசியில் அவர் கிள்ளானுக்கு அஸ்தியாகத்தான் போனார். கடலில் கரைக்கப் போகும் வழியில் கார் தங்கை வீட்டு வாசலில் நின்றது. அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. தங்கை வெளியே வந்து, கார்க் கண்ணாடியில் கைவைத்து, "இதுதான்க்கா வீடு" என்றார்.

நேற்று அண்ணனை அவருடைய தம்பி செமினியிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். வீட்டைப் பூட்டப் போனேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சாவுக்குப் பிறகு வீடு கழுவியவர்கள் மூடிவிட்டதை நானேதான் மறுபடி கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். அண்ணன் கூப்பிடாமல் கிடந்ததை என்னாலும் தாங்க முடியவில்லை.

ஒரு விரலால் மூடினேன். நின்றுவிட்டது.

இனி யாரும் கூப்பிடமாட்டார்கள், அக்கா. அடுத்த ரயிலிலாவது ஏறிவிடுங்கள்.