ஆணி அடிக்கக் கூடாத வீடு

சுனாமி வந்துபோய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கடலூரில் கடலைப் பார்த்து எழும்பிய புது அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி வீட்டை என் அண்ணன் எங்களுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். லிஃப்ட், பளிங்குத் தரை, குளியலறையில் கண்ணாடிக் கதவு.

"திருப்பாதிரிப்புலியூர் சந்துல வச்சுப் பொண்ணு காட்டுனா எவன் வருவான்? கடலே வந்தாலும் அஞ்சாவது மாடிக்கு வராது, வா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இறந்துபோன என் கணவரின் படத்தை எங்கே மாட்டுவது? பொட்டு வைத்து, மாலை போட்டு, ஹாலில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தேன்.

சிதம்பரத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பால்கனியில் நின்று காற்று வாங்கிவிட்டு, "சொந்த வூடுதானே?" என்று கேட்டார்.

"பின்ன? எல்லாம் பாப்பாவுக்குத்தான்" என்றார் அண்ணன்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதுமே வராது. காப்பித் தட்டோடு வந்த மகள் என் முகத்தையே பார்த்தாள்.

அந்த அம்மா உட்காரப் போன இடத்தில் படம் இருந்தது. "அய்ய, இன்னாங்க இது? வூட்டுக்காரர் படத்தப் போயி நாற்காலியில வச்சிருக்கீங்க?"

"இப்பதான் பெயிண்ட் அடிச்சோம்" என்றார் அண்ணன்.

"அதுக்கு? நல்ல காரியம் பேச வந்திருக்கோம், அவரு மேலயிருந்து பாக்க வேணாமா? டேய், வண்டியில சுத்தியல், ஆணி இருந்தா எடுத்துட்டு வா" என்று தன் மகனையே அனுப்பினார்.

மாப்பிள்ளை கீழே போய் எடுத்துவந்தார். "இப்பவே மாமனாருக்கு வேல செய்ய ஆரம்பிச்சுட்டான்யா" என்று அவருடைய சித்தப்பா கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்ததைப் பார்த்தேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மாப்பிள்ளை ஸ்டூலில் ஏறி, ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"தம்பி, வேணாம்! அடிக்கக் கூடாது. இது வாடகை வீடு."

என் குரலா அது என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை மெதுவாக இறங்கி, ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள்.

சொல்லி அனுப்பவில்லை. அண்ணனும் வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், நாற்காலியில் அவரும்.

மகள் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, படத்துக் கண்ணாடியில் படிந்த உப்பை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அவுங்க கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. சுவத்துக்கு ஒண்ணுன்னாத்தான் உனக்கு வாய் வருமா?"

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குப் பொய் பொறுக்காமல் கத்தினேனா, சுவருக்குப் பயந்து கத்தினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.